சிட்டியம் இருந்த காலம்

தனிமங்களைக் கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு. கண்டுபிடிக்க ஆயுளில் பாதியைச் செலவழிப்பார்கள். பேர் வைக்கும்போது மட்டும் பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துவிடுவார்கள். ஒருவர் வாளி வாளியாகச் சிறுநீர் சேர்த்துக் காய்ச்சினார், தங்கம் வரும் என்று. வந்தது பாஸ்பரஸ். சுரங்கத்தில் செம்பு என்று நம்பித் தோண்டியவர்கள், செம்பு வராத ஆத்திரத்தில் அந்தக் கல்லைக் குட்டிச்சாத்தான் என்று திட்டினார்கள். திட்டிய வார்த்தையே நிக்கல் என்று நிலைத்துவிட்டது. புரோமின் என்றால் நாற்றம். ஆர்கான் என்றால் சோம்பேறி. ஹீலியத்தை முதலில் சூரியனில் பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு தலைமுறை கழித்துத்தான் வீட்டுப் பக்கத்தில் தேடிப் பிடித்தார்கள்.

இதையெல்லாம் ரசாயனக்காரர் சாப்பாட்டு மேஜையில் சொல்வார். அவர் தொழிற்கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மிச்ச நேரத்தில், குடியிருந்த வீட்டின் மாடி அறையில் சொந்தமாக எதையாவது காய்ச்சிக்கொண்டிருப்பார். அந்தத் தெருவில் அவருக்கு வேறு பேர் கிடையாது. கீழ்வீட்டில் இருந்த செருப்புத் தைக்கிறவர் மட்டும் 'மேல்வீட்டு நாத்தம்' என்று சொல்வார், அதுவும் மரியாதையாகத்தான்.

ஒருநாள் அவர் மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சாத்தானுக்கு வெச்சிருக்கீங்க. சோம்பேறிக்கு வெச்சிருக்கீங்க. நாத்தத்துக்கு வெச்சிருக்கீங்க. பெண்டாட்டி பேர்ல ஒண்ணுகூடக் கிடையாதா?"

ரசாயனக்காரர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். கடவுள்கள் இருந்தார்கள். கிரகங்கள் இருந்தன. நாடுகள் இருந்தன. கண்ணுக்கே தெரியாத ஒரு குக்கிராமம், ஒரே கல்குவாரியை வைத்துக்கொண்டு நான்கு தனிமங்களுக்குப் பேர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. மனைவி என்று யாரும் இல்லை. "இல்லை" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. "இதுவரைக்கும் இல்லை" என்று சேர்த்துவிட்டார்.

அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பேர் சிட்டு. தங்கைக்கு மைனா. இரண்டும் அவர்கள் அப்பா வைத்தவை. அவர் தராசு செய்கிறவர். மளிகைக்கடைத் தராசு இல்லை. ரசாயனக்காரர்களும் பொற்கொல்லர்களும் வைத்துக்கொள்கிற, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுவிடாமல் நிற்கிற தராசு. பெட்டியைத் திறந்து வைத்தால், எதிர்வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டாலும் முள் ஆடும் என்று சொல்வார். ஒரு காகிதத்தை எடை போட்டு, அதில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து மறுபடி எடை போட்டால், புள்ளியின் எடை தனியாகத் தெரியும். இது உண்மை. அந்தப் புள்ளி பொய்க்கு வைத்த முற்றுப்புள்ளியாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்றும் சொல்வார். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் பெண்கள் இரண்டு பேரும் பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்ட விதமே வேறு. தட்டை முதலில் எடை போடுவார்கள். சாப்பிடுவார்கள். கழுவித் துடைத்துக் காயவைத்து மறுபடி எடை போடுவார்கள். இரண்டு எடையும் முடியளவு பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த வேளைச் சாப்பாடு அந்தத் தட்டில் விழும். தராசு வாங்கப் போன இடத்தில் சிட்டுவைப் பார்த்துப் பிடித்துப்போய், சம்பந்தம் பேசப்பட்டு, முதல்முறை விருந்துக்குப் போன ரசாயனக்காரர் சாப்பிட்ட தட்டும் இப்படி எடைக்குப் போய்வந்தது. அவர் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. அந்தப் பெண்களைப் பார்த்து உனக்கு மூக்கு சப்பை, குரல் கட்டை, சமையல் மட்டம் என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம், சிரித்துவிட்டுப் போவார்கள். நீ கழுவியது சுத்தமில்லை என்று மட்டும் சொல்லக்கூடாது.

சிட்டு கல்யாணமாகி வந்த பிறகு மாடி அறையின் கிண்ணங்களெல்லாம் அவள் பொறுப்பாயின. ரசாயனக்காரருடைய முடிவுகளில் இருந்த பிழை சட்டென்று பாதியாகக் குறைந்தது. தன் மூளை கூர்மையாகிவிட்டது என்று அவர் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

'இதுவரைக்கும் இல்லை' என்ற வார்த்தைக்கு அப்புறம் அவருக்கு வேறு வழியில்லாமல் போனது. ஒரு சுரங்கத்தில் வேண்டாம் என்று ஓரமாகக் கொட்டி வைத்திருந்த பழுப்பு நிற மண்ணை வண்டி வைத்துக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் குவித்தார். அமிலத்தில் கரைத்தார், வடிகட்டினார், தெரிந்த தனிமங்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினார். கடைசியில் எதிலும் சேராத ஒரு உப்பு மிஞ்சியது. அதைச் சுத்தம் செய்ய அவர் செய்த வேலை எளியது, ஆனால் முடிவில்லாதது. பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைப்பார். முதல் கிண்ணத்தில் உப்பைக் கரைத்துச் சுண்டவிட்டால் கொஞ்சம் படிகமாக அடியில் உட்காரும். உட்கார்ந்ததை அங்கேயே விட்டுவிட்டு, மேலே நிற்கிற நீரை வலப்பக்கத்துக் கிண்ணத்தில் ஊற்றுவார். அங்கேயும் அதேதான். இப்படி வரிசை முழுக்கப் போய், மறுபடி முதலிலிருந்து.

இதன் சூட்சுமம் என்னவென்றால், ஒரே ஜாடையில் இரண்டு பேர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஒருத்தர் வந்ததும் நாற்காலி தேடி உட்கார்ந்துவிடுகிறவர். இன்னொருத்தர் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு உட்காருகிறவர். ஒரே ஒரு கூட்டத்தில் இது தெரியாது. நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்குக் கூட்டிப்போனால், ஒருத்தர் இடது கோடியிலும் இன்னொருத்தர் வலது கோடியிலும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆகவே கூட்டங்களை எப்போது நிறுத்துவது என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய கேள்வி. ரசாயனக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நிறுத்தினார். அன்றைக்கு ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்து உப்பு நல்ல கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. சிட்டு அதே நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தேநீரோடு உள்ளே வந்தாள். கிண்ணத்தையும் சால்வையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். இதற்குமேல் ஒரு ரசாயனக்காரருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

நிறமாலைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது இதுவரை யாரும் பார்க்காத கரும்பட்டைகள் தெரிந்தன. ஒவ்வொரு தனிமத்துக்கும் அந்தப் பட்டைகள் கைரேகை மாதிரி. இரண்டு கைரேகை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கண் அசதி என்று விட்டுவிட்டார்.

சிட்டியம் பிறந்தது. ரசாயனச் சபை கைதட்டி ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் தனிம அட்டவணையில் ஒரு கட்டத்தில் அது ஏறியது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். மறந்தவர்கள் பெஞ்சுமேல் நின்றார்கள். சிட்டு கடைத்தெருவில் போனால் யாராவது ஒரு பையனின் அம்மா, "உங்களாலதான் எம் பையன் பரீட்சையில கோட்டை விட்டான்" என்று பெருமையாகச் சண்டைக்கு வருவாள். சிட்டு அதை முறைப்படி மறுப்பாள். செருப்புத் தைக்கிறவர், தன் கூரையில் ஒழுகிய நீர் பட்டு ஒரு ஜோடி செருப்பு கத்தரிப்பூ நிறமானதாகவும், அதைப் போட்டுக்கொண்டவர் ஒரு வாரம் தரையைத் தொடாமல் நடந்ததாகவும் வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

மைனா மட்டும் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சைத் துணிமணிப் பக்கம் திருப்பிவிடுவாள். அவள் புருஷனும் ரசாயனம் படித்தவர்தான், கண்ணாடித் தொழிற்சாலையில் நிறம் சேர்க்கிற பிரிவில் வேலை. ரசாயனக்காரருக்குச் சகலை முறை. நல்ல மனுஷர். வருகிறபோதெல்லாம் இரண்டு கையிலும் ஜாடியோடு வருவார். அண்ணி பேரில் இருக்கிற தனிமத்தைக் கண்ணாடியில் கலந்து பூ ஜாடி செய்தால் நன்றாக விற்கும் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். ரசாயனக்காரருக்கு அதில் சந்தோஷம்.

வருஷங்கள் போயின. ஒருநாள் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, சாப்பாடு முடிந்து தட்டுகள் எடைக்குப் போயிருந்த நேரத்தில், சகலை அவரைப் பட்டறைப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். கோட்டுப் பைகளிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஒன்றில் இளம் பச்சை. ஒன்றில் ரோஜா.

"என்ன இது?" என்றார் ரசாயனக்காரர்.

"அண்ணி" என்றார் சகலை.

விஷயம் இதுதான். ஜாடிகள் ஒரு தடவை ரோஜா நிறமாகவும் ஒரு தடவை பச்சையாகவும் வந்துகொண்டிருந்தன. உலைக்காரர் மேல் பழி விழுந்தது. உலைக்காரர் பழியை உப்பின் மேல் போட்டார். சகலை உப்பை எடுத்துக் கிண்ணங்களை வரிசை வைத்தார், ரசாயனக்காரர் நிறுத்திய இடத்திலிருந்து கூட்டங்களைத் தொடர்ந்தார். நிறுத்தவே இல்லை. கடைசியில் கத்தரிப்பூ நிறம் இரண்டாகப் பிரிந்து இரண்டு கோடிக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் தனித்தனிக் கைரேகை. சிட்டியம் தனிமமே இல்லை. ஒன்றுபோல் இருக்கிற இரண்டு தனிமங்களின் கலவை.

ரசாயனக்காரர் குப்பிகளைத் தொடவில்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். மைனாவுக்குத் தெரியும் என்றார் சகலை. அப்படியானால் எல்லோருக்கும் தெரிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று ரசாயனக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டார்.

பிரிக்கிறவர்தான் பேர் வைக்க வேண்டும் என்பது தொழில் முறை. இரண்டுக்கும் புதுப்பேர் வைக்க சகலைக்கு உரிமை இருந்தது. ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. அதனால் ஒன்றுக்குச் சிட்டியம் என்ற பேரையே விட்டுவிடலாம் என்று யோசித்திருப்பதாகச் சொன்னார். மற்றது மைனியம்.

"எது சிட்டியம்?"

சகலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பச்சை, அண்ணே. ரோஜாவை மைனா பார்த்து எடுத்துக்கிட்டா."

ரசாயனக்காரர் அன்றைக்குச் சிட்டுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சகலை எங்கோ பிசகியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, தானே மாடி அறையில் கிண்ணங்களை வரிசை வைத்தார். சிட்டியம் பிரியாது என்று நிரூபிப்பதுதான் நோக்கம். பிரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒருவர் ஒரு பொருளைப் பிரிக்க முயற்சி செய்வது ரசாயனத்தில் புதிய முறை. கையில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. அதனால் வேண்டுதல் பலிக்கவில்லை. வாரத்துக்கு வாரம் இடது கோடிக் கிண்ணம் வெளிறிப் பச்சை காட்டியது. வலது பக்கம் சிவக்க ஆரம்பித்தது. நடுவில் இருந்த கத்தரிப்பூ நிறம், விருந்தாளி கிளம்பிய பிறகு நாற்காலியில் இருக்கிற சூடு மாதிரி, குறைந்துகொண்டே வந்தது.

சிட்டு தினமும் கிண்ணங்களைக் கழுவ வந்துபோய்க்கொண்டிருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சுத்தம் பண்றேன் என்றார். நான் கழுவினதுக்கு மேலயா என்று கேட்டாள். அவர் பேச்சை மாற்றினார். கடைசியில் ஒரு மத்தியான வேளையில், கையில் ஈரத்துணியோடு வரிசை முன்னால் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"இதுல நான் எதுங்க?"

அவர் நடுவில் இருந்த கிண்ணத்தைக் காட்டினார். அதில் ஒரு சிட்டிகை இருந்தது.

"இவ்வளவுதானா?"

"அடுத்த வாரம் அதுவும் இருக்காது" என்றார். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குப்பிகள், சகலை, பச்சை, ரோஜா, எல்லாம்.

சிட்டு கத்தவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தாள். "இத்தனை வருஷமா இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, இப்ப நான் கலவையா?" என்று கேட்டாள். விஞ்ஞானத்தில் கலவை என்பது கேவலமான வார்த்தை இல்லை என்று அவர் விளக்க முயன்றார். காற்று ஒரு கலவை. பித்தளை ஒரு கலவை. பித்தளை என்று கேட்டதும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பச்சை உனக்கு எடுப்பா இருக்கும்க்கா என்று மைனா சொன்னதாகவும், நீ பழசைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல நான் உனக்குத் தைச்சுக் கொடுத்த பாவாடைகூட ரோஜாதான்டி, அதையும் சேர்த்து வெச்சுக்கோ என்று சிட்டு சொன்னதாகவும் ஒரு தகவல். பேச்சுவார்த்தை நின்றுபோனது. மாமனார் சமாதானம் செய்ய வந்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் எடை போட்டது அவர் செய்த தராசில். ஆகவே இரண்டு பேர் சொல்வதும் சரி என்பது அவர் கட்சி. சிட்டியம் இருக்கிறது, அது கூட்டுக் குடும்பமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். இந்தத் தீர்ப்பு இரண்டு மகள்களுக்கும் பிடிக்காமல் போனது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள்.

சபையின் ஆண்டுக் கூட்டம் நெருங்கியது. சகலை அங்கே தன் கண்டுபிடிப்பைச் சொல்வார். ரசாயனக்காரர் பதில் சொல்ல வேண்டும். அட்டவணையில் அந்தக் கட்டம் இருப்பதும் போவதும் அந்தப் பதிலைப் பொறுத்தது. கூட்டத்துக்கு முந்தின வாரம் சிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி பார்த்துத் தர்ற மிச்சம் எனக்கு வேணாம். இருந்தா நான் முழுசா இருக்கணும். ஏதாவது சொல்லிக் காப்பாத்துங்க."

அவள் அவரிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ரசாயனக்காரர் தன் மாடி அறையில் எது நடந்தது என்பதை அறிந்தவர். இடது கோடியும் வலது கோடியும் அவர் கண்ணெதிரில் இருந்தன. ஆனாலும் ஏதாவது சொல்வதென்று முடிவு செய்தார். இந்தத் தொழிலில் ஒருவர் முடிவை இன்னொருவர் கவிழ்க்க வேண்டுமென்றால் சொல்வதற்கு ஒரு வார்த்தை உண்டு, காலங்காலமாக எல்லோரும் சொல்வதுதான்: உங்கள் பாத்திரம் சுத்தமில்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் எங்கே பார்த்தாலும் நிறப்பொடி. பச்சைக்கு இரும்பு காரணம், ரோஜாவுக்கு மாங்கனீசு காரணம் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. சகலையின் கிண்ணங்களை யார் கழுவுகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. தன் கிண்ணங்களை யார் கழுவுகிறார்கள் என்றுகூட அந்த நேரத்தில் அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

கூட்டத்துக்குக் குடும்பமே வந்தது. ரசாயனச் சபையில் பார்வையாளர்களுக்குப் பின்பக்கம் பெஞ்சு போட்டிருப்பார்கள். சிட்டு ஒரு ஓரம், மைனா மறு ஓரம், நடுவில் மாமனார் தராசு முள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சபைத் தலைவர் வயதானவர், காது மந்தம். இளமையில் அவரும் ஒரு தனிமத்தைக் கண்டுபிடித்தார். அதை எடுத்துக்கொண்டு சபைக்கு வரும் வழியில் ரயிலில் மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அது இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த அனுதாபத்தில்தான் அவரைத் தலைவராக்கினார்கள்.

சகலை சுருக்கமாகப் பேசினார். இரண்டு குப்பிகளை மேஜைமேல் வைத்தார். நிறமாலைக் கண்ணாடியில் ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். தலைவர் ரசாயனக்காரர் பக்கம் திரும்பி, சிட்டியம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சத்தமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

ரசாயனக்காரர் எழுந்தார். பின்பெஞ்சில் கத்தரிப்பூ நிறச் சால்வை தெரிந்தது.  சகலையின் உழைப்பைப் பாராட்டினார். தொழிற்சாலைச் சூழலில் வேலை செய்வதன் கஷ்டங்களை எடுத்துச் சொன்னார். பிறகு, இந்தச் சோதனைக்குப் பயன்பட்ட கிண்ணங்கள் சரியாகக் கழுவப்படவில்லை என்று கருத இடமிருக்கிறது என்றார்.

சபையில் பலர் தலையாட்டினார்கள். இதைவிட மோசமானதையெல்லாம் ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டுதான் அவர்கள் அங்கே உறுப்பினர்களானார்கள். சகலைகூடக் கோபப்படவில்லை, கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பின்பெஞ்சில் மைனா வெளிறிப்போனாள். மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். தொழிற்சாலைத் தண்ணீர் சரியில்லை என்று சகலையின் கிண்ணங்களெல்லாம் வீட்டுக்கு வந்து, மைனா கையால் கழுவப்பட்டு, அப்பா செய்த தராசில் எடை பார்க்கப்பட்டுத் திரும்பிப் போனவை.

சிட்டு எழுந்து நின்றாள்.

பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று விதி இருந்தது. அவளுக்கு அது தெரியும். "அந்தக் கிண்ணத்தக் கழுவினது என் தங்கச்சிங்க" என்றாள்.

தலைவர் காதில் கையை வைத்துக்கொண்டு, பேசுவது யார் என்று கேட்டார். செயலாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் மாறியது.

"சிட்டியமா? நேர்லயே வந்திருக்கா?"

"ஆமாங்கய்யா. நான்தான்." சிட்டு சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவ கழுவின கிண்ணத்துல கண்ணுக்குத் தெரியாத தூசுகூட மிஞ்சாது. அதனால பிரிஞ்சது பிரிஞ்சதுதான். எங்க வீட்டு மாடியிலயும் பிரிஞ்சுது, அது நான் கழுவின கிண்ணம். நான் இல்லைங்க. அப்படியே எழுதிக்குங்க."

உட்கார்ந்தாள்.  ரசாயனக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். தலைவர், இதற்கு அவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். அவர் தான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், கிண்ணங்கள் சுத்தமானவை என்றும், சிட்டியம் என்று ஒன்று இல்லை என்றும் சொன்னார்.  

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் செயலாளர் இப்படி எழுதினார்: 'சிட்டியம் சபைமுன் நேரில் ஆஜராகி, தான் இல்லை என்று தெரிவித்துக்கொண்டது. சபை ஏற்றது.' ரசாயன வரலாற்றில் இல்லாமல் போன தனிமங்கள் ஏராளம். தானே வந்து சொல்லிவிட்டுப் போனது இது ஒன்றுதான் என்று அந்தச் சபையில் இருந்தவர்கள் அப்புறம் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது பேர் வைக்கிற வேலை. தலைவர் சகலையைக் கேட்டார். சகலை பின்பெஞ்சைப் பார்த்தார். மைனா வேகமாகத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. அவள் அருகில் போய் அவர் மெதுவாகக் காரணம் கேட்க, அவளும் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு எவனாவது வந்து என்னையும் பிரிச்சுட்டா?"

பேர் இல்லாமல் இரண்டு தனிமங்களோடு மேடைக்குத் திரும்பிய சகலைக்கு ஒன்றும் தோன்றவில்லை. பச்சை, கிண்ண வரிசையின் இடது கோடியில் சேர்ந்தது. ரோஜா வலது பக்கம். இடதியம், வலதியம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபை கைதட்டியது. தலைவருக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்டது. இருந்தாலும் அவரும் தட்டினார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ரசாயனக்காரர் சிட்டுவின் பக்கத்தில் வந்து, நீதானே காப்பாற்றச் சொன்னாய் என்று ஆரம்பித்தார். அவள் நிற்காமலே சொன்னாள்.

"என் பேரு போனாப் போகுது. அவ கைய எப்படி நீங்க குத்தம் சொல்லலாம்?"

 சிட்டு கீழே போய்த் தங்கையோடு சேர்ந்துகொண்டாள். மைனா ஏதோ சொன்னாள். சிட்டு அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். இருவரும் ஒரே சால்வைக்குள் தோளைச் சேர்த்துக்கொண்டு, டிராம் நிற்கும் பக்கம் நடந்தார்கள். அப்பா அவர்களுக்குப் பின்னால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனார்.

சகலைகள் இருவரும் கடைசியாக வந்தார்கள். ரசாயனக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைத்தார். சகலை அதற்குள், கிண்ணத்தைச் சொன்னதோடு விட்டீர்களே, தராசைச் சொல்லியிருந்தால் மாமா இரண்டு பேரையும் இங்கேயே புதைத்திருப்பார் என்றார். அதையே மன்னிப்பாக ரசாயனக்காரர் எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தார்கள். சகலையின் கோட்டுப் பையில் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"அண்ணே" என்றார் சகலை. "உங்க வரிசையில வலது பக்கம், ரோஜாவுக்கும் அந்தாண்ட, கடைசிக் கிண்ணம். அதுல லேசா ஒரு மஞ்சள் தெரியுதா?"

ரசாயனக்காரர் நடையைத் தளர்த்தினார். முன்னால் போகிறவர்களுக்கும் தங்களுக்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

"தெரியுது" என்றார். "மெதுவாப் பேசுய்யா. திரும்பிடப் போறாங்க."